வெள்ளி என்று விட்டுப்போன மோதிரம்

இந்த ஜெபக்கூட்டத்தில் உங்களில் பலர் எழுந்து நின்று, பிள்ளை பிழைத்த கதையைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொன்னீர்கள். நானும் ஆமென் சொன்னேன். என் பிள்ளை பிழைக்கவில்லை. ஆனாலும் நன்றி சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பெயர் செல்வராணி. எனக்கு ஒரே பிள்ளை. அவள் சிறு பிள்ளையாய் இருக்கும்போதே தகப்பன் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டார். ஓமந்தையில் இருந்த சின்ன வயலைச் செய்துதான் அவளை வளர்த்தேன். ஐம்பத்தாறாம் ஆண்டு மல்லாவிப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தேன். மருமகன் அருளப்பு, குளத்து வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர். அதற்கு முன்பு தெற்கே காலிப் பக்கம் வேலை பார்த்தவர். அங்கே ஒரு சந்திரகாந்தக் கல் வாங்கி, மகளுக்குக் கலியாண மோதிரம் செய்வித்துக்கொண்டு வந்திருந்தார்.

அந்த மோதிரத்தைக் கண்டதும் என் முகம் சுண்டிவிட்டது. மஞ்சளாய் இல்லை, வெள்ளையாய் இருந்தது. நடுவில் பால் நிறத்தில் ஒரு கல். இரண்டு பக்கமும் மிளகை விடச் சின்னதாய் ஒவ்வொரு நீலக்கல். கலியாணத்துக்கு வந்த சனம் ஆலய வாசலிலேயே, "வெள்ளி மோதிரமோ போட்டவர்?" என்று குசுகுசுத்தது. மருமகன் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

"மாமி, இது வெள்ளைத் தங்கம். பவுன்தான். வேற உலோகம் சேர்த்து வெள்ளையாக்கினது."

மகள் கையை வெயிலில் திருப்பினாள். "வடிவாப் பாருங்கோ அம்மா." கல்லுக்குள் ஒரு நீல ஒளி அசைந்து மறைந்தது. அழகாய்த்தான் இருந்தது. ஆனாலும் நாலு பேர் முன்னால் மஞ்சளாய் மின்னவில்லையே என்று எனக்கு ஒரு குறை.

அடுத்த வருஷம் மார்கழியில் வந்த வெள்ளத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளங்கள் உடைந்தன. வயலும் வீதியும் ஒரே தண்ணீர். நான் காய்ச்சலோடு பாயில் கிடந்தேன். தண்ணீர் வற்றி, நான் எழுந்து நடமாடத் தொடங்கியபிறகு, ஒரு காலையில் மருமகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டு வாசல் படலைக்கு வந்தார். அணைக்கட்டில் மண்மூட்டை அடுக்கி அடுக்கிக் கையெல்லாம் புண். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மாமி, ராணி எங்க? இப்ப உங்களுக்குச் சுகமோ?"

நான் அவரையே பார்த்தேன். "ராணி இஞ்ச வரேல்லையே, தம்பி."

அந்த மனிதர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். எனக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லக் கேட்டு, அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லி வெளிக்கிட்டவள். அப்போது அவர் குளக்கட்டு வேலையில் நின்றார். அவள் என்னோடு இருக்கிறாள் என்று அவர் நினைத்தார். அவள் தன் வீட்டில் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். இருவருக்கும் நடுவில் என் பிள்ளை இல்லை.

தேடினோம். பாலத்துக்கு மேலால் வெள்ளம் போனதால் பஸ் பாதியில் நின்றதாம். இறங்கி நடந்த சனத்தோடு அவளைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவள் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை என்றார் இன்னொருவர். பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தோம். எங்கேயும் பதில் இல்லை.

பிறகு சனம் வேறு விதமாகக் கதைக்கத் தொடங்கியது. மருமகனின் தாய் என் முகத்துக்கு நேரே சொன்னா: "உங்கட மகள் வெள்ளத்தில போகேல்லை. போக விரும்பின இடத்துக்குப் போயிட்டாள்." என்ன சொல்வது? என்னிடம் மகளும் இல்லை, அவள் பிரேதமும் இல்லை.

உயிரோடு தாரும் ஆண்டவரே என்றுதான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். தையும் மாசியும் அதே ஜெபம்தான். சமைத்தால் இறங்காது. படலை சத்தம் கேட்டால் ஓடுவேன். கிணற்றடியில் நின்று, உள்ளே குதித்தால் என்ன என்றும் யோசித்திருக்கிறேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் முழங்காலில் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "உயிரோடு இல்லையென்றால், அவள் கிடக்கும் இடத்தையாவது காட்டும். அவள் பெயரையாவது காப்பாற்றும்." ஒரு தாய் கேட்கக்கூடிய ஜெபமா அது? அன்றுதான் என் பிள்ளையை நான் சாகக்கொடுத்ததுபோல் இருந்தது.

பங்குனியில் எங்கள் உபதேசியார் என்னைத் தேடி வந்தார். "ஆத்துக்குக் கீழ்ப்பக்கத்தில இருந்து ஒரு முஸ்லிம் நானா வெள்ளரிப்பழம் விக்க வாறார். வெள்ளத்தில ஆரும் பொம்பிளைப்பிள்ளை காணாமல் போனதோ எண்டு வாற போற ஆக்கள் எல்லாரையும் கேக்கிறாராம். வாங்கோ, போய்ப் பாப்பம்."

சந்தியில் மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் மீரான் நானா நின்றார். நரைத்த தாடி. நான் பேசத் தொடங்கியதும் கையை உயர்த்தினார்.

"தங்கச்சி, குறை நினைக்காதீங்கோ. என்னட்ட ஒரு சாமான் இருக்கு. முந்தி ஒருத்தன் வந்து தன்ர எண்டு பொய் சொன்னவன். உங்கட பிள்ளை என்ன போட்டிருந்தா? முதல் நீங்கள் சொல்லுங்கோ."

"தாலிக்கொடி. சோடிக் காப்பு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது இல்லை.

"ஒரு மோதிரம். வெள்ளி மாதிரித்தான் இருக்கும், ஆனால் வெள்ளியில்லை. நடுவில பால் மாதிரிக் கல். வெயிலில பிடிச்சா நீலமாய் ஓடும். ரெண்டு பக்கமும் சின்ன நீலக்கல்."

அவர் மடியை அவிழ்த்து, துணிமுடிச்சு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். என்னால் அவிழ்க்க முடியவில்லை. உபதேசியார்தான் அவிழ்த்தார். பக்கத்து நீலக்கல் ஒன்று விழுந்திருந்தது. நடுக்கல்லில் அந்த ஒளி அப்படியே இருந்தது. நான் வீதியிலே விழுந்து கதறினேன். அந்த நானாவும் அழுதார்.

வெள்ளம் வடிந்தபோது தன் தோட்டத்து வேலியோரம் அவளைக் கண்டாராம். கழுத்திலும் காதிலும் கையிலும் கிடந்த பொன்னையெல்லாம் அவருக்கு முன்பே யாரோ கழற்றிவிட்டார்கள். மோதிரத்தை மட்டும் வெள்ளியென்று விட்டுப் போயிருக்கிறார்கள். ஊர்த்தலைவர் விதானையாருக்கு அறிவித்துவிட்டு அவளை அடக்கம் செய்திருக்கிறார். வீதிகள் அறுந்து கிடந்ததால் அந்தச் செய்தி எங்கள் பக்கம் வரவேயில்லை. தேடி வருபவர்களுக்கு அடையாளம் வேண்டுமென்று மோதிரத்தை எடுத்து வைத்திருக்கிறார்.

வண்டியில் ஏற்றி என்னை அழைத்துப்போனார். தோட்டத்து எல்லையில், பாலை மரத்தடியில் மண்மேடு. சுற்றிவரக் கல் அடுக்கி, முள் வைத்திருந்தது. அவர் மனைவி றாபியா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"அக்கா, நான்தான் குளிப்பாட்டினனான். பெருநாளுக்கு எடுத்து வைச்ச சீலையைத்தான் சுத்திவிட்டனான். பழஞ்சீலை சுத்த மனம் வரேல்லை." பிறகு மெதுவாகச் சொன்னா: "கையில ஒரு பை சுத்தியிருந்தது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இருந்தது. மல்லி ஊறிப் பருத்துப்போச்சு."

காய்ச்சலுக்கு அவித்துக் குடிக்கிற மருந்து அது. என்னிடம்தான் வந்திருக்கிறாள். எனக்கு மல்லிக் குடிநீர் அவித்துத் தரத்தான் என் பிள்ளை அந்த வெள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறாள். அந்த மண்ணில் தலையை வைத்துக் கிடந்தேன். றாபியா என்னைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தா.

மல்லாவிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மருமகன் மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அவருடைய தாய் என் முன்னால் நின்று, "நான் சொன்ன கதையை ஆண்டவர் கேட்டிருப்பாரே, சம்மந்தி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டா. அவாவைக் கட்டிப்பிடித்தேன். அதுவரை நான் அவாவைத் தொட்டதே இல்லை. ஊர்க் கதை அன்றோடு நின்றது.

அன்பானவர்களே, இது நடந்து சில வருஷங்களாகிவிட்டன. இப்போது யாராவது வீட்டில் ஆள் காணவில்லையென்றாலோ, பிள்ளை செத்ததென்றாலோ நான் போய் இருப்பேன். ஆறுதல் சொல்ல மாட்டேன். அடுப்பை மூட்டித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். மாசத்தில் ஒருமுறை பாலை மரத்தடிக்குப் போவேன். றாபியாவும் நானும் அங்கே இருந்து அவரவர் முறையில் ஜெபிப்போம்.

என் பிள்ளையை ஏன் எடுத்தீர் என்று இன்றும் ஆண்டவரிடம் கேட்கிறேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அவளை வெள்ளத்தில் அநாதையாய் விடவில்லை. நல்ல கைகளில் கொடுத்தார். அவள் பெயரையும் காப்பாற்றினார். ஆகையால் துக்கத்தில் இருக்கிறவர்களே, கேளுங்கள். பெரியதைக் கேளுங்கள். அது கிடைக்காமல் நெஞ்சு உடைந்தால், உடைந்த நெஞ்சோடு சின்னதையும் கேளுங்கள். அவர் காது கொடுக்கிறார். நான் இன்னும் அழுகிறேன். அழுதுகொண்டுதான் அவருக்கு நன்றி சொல்கிறேன். வேறு விதமாய்ச் சொல்ல எனக்குத் தெரியாது.