நீலக்கா திருத்திய வானம்

நீலக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். நாளிதழில் வரும் படங்களை அச்சுக்குப் போகும் முன் திருத்துவது அவள் வேலை. செய்தித்தாள் காகிதம் இருக்கிறதே, அது மையை உறிஞ்சிக் குடித்துவிடும். கொஞ்சம் மங்கலான படத்தைக் கொடுத்தால் சேற்றில் புரட்டி எடுத்ததுபோல் வெளியே வரும். அதனால் வேலைக்குச் சேர்ந்ததுமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: முகத்துக்கு வெளிச்சம், புல்லுக்குப் பச்சை, வானத்துக்கு நீலம். விபத்தோ விளையாட்டோ, பின்னால் துளி வானம் தெரிந்தால் போதும், நீலக்காவின் கை தானாகப் போய்விடும்.

அவளுடைய நாத்தனார் பள்ளியில் டிராயிங் டீச்சர். வாடகை வீட்டு ஜன்னலில் தெரிந்த வானத்தை ஒரு வருடம் தினமும் உள்ளங்கை அளவு அட்டையில் வரைந்தாள். மலைக்காடு எரிந்த புகை, மழை பெய்யாத மண்ணின் புழுதி, அன்றன்று வானம் என்ன நிறமோ அதே நிறம். எல்லாவற்றையும் ஒரு கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டிக் கண்காட்சி வைத்தாள். "அண்ணி, உங்க பேப்பர்ல நாலு வரி வந்தாப் போதும்" என்றாள். வாய் திறந்து யாரிடமும் எதுவும் கேட்காத பெண் அது.

அந்த நாலு வரி வாங்குவதற்குள் நீலக்காவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சுற்றுச்சூழல் பக்கத்துக்காரர், "இது ஓவியமாச்சே, கலைப் பக்கத்துல கேளுங்க" என்றார். கலைப் பக்கத்து அம்மாள், "பருவநிலை மாற்றமா? ஐயோ, அது அவரோட டிபார்ட்மென்ட்" என்றார். உலகம் சூடாவதை ஒருத்தி படமாக வரைந்தால் அதைப் போட ஒரு மூலை இல்லை பாருங்கள், இவ்வளவு பெரிய பத்திரிகையில்! கடைசியில் குறுக்கெழுத்துப் புதிருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நிருபர் நேரில் போய், பழுப்பேறிக்கொண்டே வரும் வானத்தைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்.

கண்காட்சிச் சுவரை எடுத்த புகைப்படம் நீலக்காவின் கணினித் திரைக்கு வந்தது. கண்காட்சியை அவள் இன்னும் பார்க்கவில்லை. நம் வீட்டுப் பெண்ணின் படமாச்சே என்று மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். புகைப்படம்தான் மங்கலாக விழுந்திருக்கிறது என்று நினைத்து, அட்டை அட்டையாக, பார்த்துப் பார்த்து, அத்தனை வானத்தையும் பளிச்சென்று நீலமாக்கினாள். கட்டுரையை அவள் படிக்கவில்லை. படம் திருத்துகிறவர்கள் எங்கே செய்தி படிக்கிறார்கள்!

இதழ் வந்த அன்று நாத்தனாரின் அழைப்பு வந்தது.

"என்ன அண்ணி பண்ணி வெச்சிருக்கீங்க? பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு வர்றாங்க, சுவத்தைப் பார்க்கறாங்க, 'பேப்பர்ல நல்லா இருந்துச்சே'ன்னுட்டுப் போறாங்க. என் ஒரு வருஷத்தைத் துடைச்சுப் போட்டுட்டீங்களே!"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அண்ணன் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. "நீ பண்ணதுக்கு எனக்கும் சேர்த்துத் தண்டனையா?" என்று நீலக்காவின் கணவர் புலம்பினார். நீலக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்காட்சி முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

நாத்தனார் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து அவள் கண்காட்சிக்குப் போனாள். சுவரைப் பார்த்ததும் முதலில் வந்தது சந்தேகம்தான். இப்படியா இருக்கிறது வானம்? கொஞ்சம் கூட்டித்தான் வரைந்திருக்கிறாளோ? கூடத்து ஜன்னலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். கடைசி அட்டையின் அதே நிறம். வானத்தைத் திருத்தியே இத்தனை வருடம் சம்பளம் வாங்கியவள், மேலே ஒருநாள்கூடப் பார்த்ததில்லை! அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பின் அவளைச் சும்மா இருக்கவிடாமல் ஒரு கேள்வி குடைந்தது: எப்போதிலிருந்து இப்படி? அலுவலகக் கணினியில் புகைப்படக்காரர்கள் கொடுத்த மூலப்படங்கள் அப்படியே கிடந்தன. கோடைதோறும் ஆற்றுப் பாலத்தைப் படம் எடுப்பது அவர்கள் வழக்கம். அவற்றைத் தேடி எடுத்து வரிசையாக வைத்தாள். வானம் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டே வந்திருந்தது. கீழே, அச்சானவற்றை வைத்தாள். எல்லா வருடமும் ஒரே நீலம்.

இரண்டு வரிசையையும் ஆசிரியரிடம் கொண்டுபோனாள். "இதைப் போடலாம் சார். கூடவே அந்த அட்டைங்களையும், கை வைக்காம."

"நம்ம மூஞ்சில நாமே கரி பூசிக்கணுமாம்மா?"

"கரி ஏற்கெனவே மேல இருக்கு சார். நாமதான் இத்தனை நாளா வெள்ளையடிச்சிட்டு இருக்கோம்."

அவர் படங்களையே வெகுநேரம் பார்த்தார். "சரி, எந்தப் பக்கத்துல போடறது?"

"முதல் பக்கத்துல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணாம் பக்கம். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க."

இதழ் வெளிவந்த அன்று அலுவலகத்துத் தொலைபேசி ஓயவில்லை. ஓர் அழைப்பை நீலக்காவே எடுத்தாள்.

"ஏம்மா, உங்க மிஷின் கெட்டுப்போச்சா? வானமெல்லாம் அழுக்கா விழுந்திருக்கு" என்று ஒரு பெரியவர் எரிந்து விழுந்தார்.

"கெடலைங்க. பேப்பரை ஜன்னல்கிட்ட கொண்டுபோய், வெளிய இருக்கற வானத்தோட வெச்சுப் பாருங்களேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்த குரலில் கோபம் இல்லை. "எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்கு?"

நீலக்கா கண்காட்சியின் முகவரியைச் சொன்னாள்.

சாயங்காலம் நாத்தனார் கூப்பிட்டாள். மூச்சு வாங்கப் பேசினாள். "அண்ணி, இன்னிக்குக் கூடம் கொள்ளல. அட்டையைப் பார்க்கறாங்க, ஓடிப்போய் ஜன்னலைப் பார்க்கறாங்க, மறுபடியும் அட்டைகிட்ட வர்றாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர்கூட நல்லா இருக்குன்னு சொல்லல அண்ணி!" என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷம்.