மூக்கு மருந்தும் மாலினி அக்காவின் கொப்பியும்

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: எங்களிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டு, ஒரு தலையாட்டலுக்காகத்தான் வருகிறார்கள். லண்டன் டூட்டிங்கில் பதினொரு வருடம் பார்மசிஸ்டாக நின்ற எனக்கு இனி எதுவும் அதிர்ச்சி தராது என்று நினைத்திருந்தேன்.

எது திறம்?

மாலினி அக்கா மாதாமாதம் பிரஷர் குளிசைக்கு வருகிறவர். அன்று கைப்பையிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். ஒன்று செலாங்க், மற்றது செமாக்ஸ். உள்ளே வெள்ளைத் தூள். தண்ணீரில் கலந்து மூக்கில் அடிக்க வேண்டுமாம். முதலாவது பதட்டத்துக்கு, இரண்டாவது மூளைக்கு என்று வாட்ஸ்அப்பில் பார்த்து இணையத்தில் வாங்கியிருக்கிறார். இரண்டில் எது நல்லது, எது திறம் என்று கேட்டார்.

லேபிளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஆய்வுக்கு மட்டும், மனிதர் பாவிக்கக் கூடாது என்று போட்டிருந்தது. இரண்டுக்கும் இங்கே அனுமதி இல்லை, உள்ளே உண்மையில் என்ன இருக்கிறதென்று எவரும் உறுதி சொல்ல முடியாது, ஒப்பிட்டுப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை, தொடவே வேண்டாம் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குப்பிகளைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அப்பிடித்தான் எல்லாத்திலயும் போடுவினம் பிள்ளை. சீனி கூடாதெண்டுந்தான் சொல்லுகினம், அதுக்காக நாங்கள் தேத்தண்ணி குடியாமல் விட்டனாங்களே?"

ஒப்பீட்டுக் கொப்பி

மூன்று கிழமை கழித்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்தார். நான் ஒப்பிட்டுச் சொல்லாததால் தானே ஒப்பிட்டாராம். மகன் கஜனுக்கு வேலை இன்டர்வியூ, மகள் அபிக்குப் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ லெவல் சோதனை. முதல் கிழமை மகனுக்குச் செலாங்க், மகளுக்குச் செமாக்ஸ்; அடுத்த கிழமை மாற்றிப் போட்டிருக்கிறார். செவ்வாய்: அபி கதவை அடித்துச் சாத்தவில்லை. வியாழன்: கஜன் புட்டு இரண்டாந்தரம் கேட்டான். கோடு போட்டு, திகதி போட்டு, அத்தனை ஒழுங்கு.

பெற்ற பிள்ளைகளை வைத்தா பரிசோதனை செய்வது? அதைவிட, குப்பியை மாற்றியவர் மூக்கில் வைக்கிற குழாயையாவது மாற்றினாரா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

"அதுக்கென்ன, ஒரு வயித்துப் பிள்ளையள்தானே."

எந்தத் தண்ணீர்?

அடுத்த வெள்ளிக்கிழமை பரசிட்டமோல் வாங்க வந்தார். அபிக்குக் காய்ச்சல், தலையிடி, கண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் வீங்கியிருக்கிறதாம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: தூளை எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள்? அக்கா கொஞ்சமும் ஒளிக்கவில்லை. கோயிலில் வாங்கிய தீர்த்தம். பிள்ளைகளுக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைத்துக் கலந்து, இரண்டு கிழமைக்கு மேலாகப் பிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

கண் பக்கம் வீக்கமென்றால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது, பிள்ளையை நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், குப்பிகளையும் கொப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஏறக்குறைய அதட்டினேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"சாமித் தண்ணியிலயும் கிருமி இருக்குமே, பிள்ளை?"

அபி சொன்னது

நல்லகாலம், கண் தப்பியது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து ஏற்றி அனுப்பினார்கள். மிச்ச அன்டிபயோட்டிக்கை வாங்க அபியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது, வருகிற திங்கட்கிழமை முதலாவது சோதனை. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளை, அந்த லேபிளை வாசிக்கவில்லையா என்று கேட்டேன். முதல் நாளே வாசித்துவிட்டாளாம். பிறகு ஏன் மூக்கை நீட்டினாய் என்றேன். அவள் மருந்துப் பையை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதட்டம் எனக்கில்லை அன்ரி, அம்மாவுக்கு. நான் அடிச்சால்தான் அவ நித்திரை கொள்ளுவா."

வருத்தம் தாய்க்கும் மருந்து பிள்ளைக்குமாக ஓடுகிற குடும்பங்களுக்கு ஒட்ட, எங்கள் அச்சு மெஷினில் இன்னும் எந்த லேபிளும் வரவில்லை.