அப்பா எழுதிய கட்டங்கள்

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிற மனுஷர், வீட்டில் யார் பேச்சுக்கும் இறங்கி வரமாட்டார். "கண்ணாடி போடுங்கப்பா" என்று தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியாச்சு. "எனக்கா? மேல் மாடியில நட்டு கழண்டா கீழ நின்னே சொல்லுவேன்!" என்பார். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

அம்மாவுக்குப் பேப்பரில் வரும் சுடோகு எண்புதிர் என்றால் பைத்தியம். காலையில் டீ ஆறி அவலாகிக் கிடக்கும். பேப்பரும் பென்சிலும் கையை விட்டு இறங்காது. படியில் வழுக்கி விழுந்து தலையில் ஆபரேஷன் ஆன பிறகு, பேப்பரின் பொடி எண்கள் அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவே தினமும் காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, பேப்பரைப் பார்த்துத் தடிப் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தார். அதுவரை அவர் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒரு கட்டமும் முடியவில்லை. கடைசியில் ஒரே வரிசையில் ஒரே எண் இரண்டு தரம் வந்து எங்கேயோ இடிக்கும். அழித்துவிட்டு மறுபடி போடுவாள், மறுபடி இடிக்கும். ஒருநாள் பென்சிலை அலமாரிக்குள் வீசிவிட்டாள்.

"மூளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு டாக்டர் சும்மா ஆறுதலுக்குச் சொல்றார். என் மூளை போச்சுங்க. நாளைக்கு உங்க மூஞ்சியும் மறந்துடும். நான் இனிமே நானில்ல."

அப்பாவுக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய், கட்டத்தைப் போட்டுக் காட்டவும் தெரியாது. ஆனால் புது லிஃப்டுகளுக்காக கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். என் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கட்டத்தை இதுவே போட்டு முடிக்கட்டும், அதுலேர்ந்து ஒரே ஒரு எண்ணை அவளுக்கு எடுத்துக் கொடுப்போம். மிச்சத்தை அவளே முடிச்சுடுவா" என்றார் என்னிடம்.

"எப்படிப்பா எழுதுறீங்க?"

"காலிக் கட்டத்துல ஒரு எண்ணைப் போடு. இடிக்கலைன்னா அடுத்ததுக்குப் போ. இடிச்சா திரும்பி வந்து வேற எண்ணைப் போடு. மேல் மாடியில கதவு திறக்கலைன்னா கீழ் மாடிக்கு வர்ற மாதிரிதான்."

ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டார். காலண்டர் தாளைப் பார்த்து நான் எண்களைத் தட்டினேன். 'விடை இல்லை' என்று வந்தது. அடுத்த தாளுக்கும் அதே பதில். அப்பா திரையில் எழுத்தைப் பெரிதாக்கி ப்ரோக்ராமை வரி வரியாக அலசினார், தப்பே கிடைக்கவில்லை. எரிச்சலில் நான் அந்தத் தேதிப் பழைய பேப்பரையே எடுத்து அதிலிருந்து தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாக் கட்டமும் நிரம்பியது.

பேப்பரையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேப்பரில் எட்டு, அப்பா எழுதிய தாளில் மூன்று. அடுத்ததில் ஆறு இருந்த இடத்தில் எட்டு. எல்லாத் தாளும் அந்த லட்சணம்தான்.

வாய்க்கு வந்தபடி கத்தியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும், எட்டையும் மூன்றையும் விரலால் மட்டும் காட்டினேன்.

தாள்களை அள்ளிக்கொண்டு அம்மாவின் கட்டிலருகே போய் நின்றார்.

"இங்க பாரு. உன் மூளைக்கு ஒண்ணும் ஆகல. என் கண்ணுதான் போச்சு. நான்தான் உனக்குத் தப்புத் தப்பா எழுதிக் கொடுத்திருக்கேன்."

அம்மா தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அட பாவி மனுஷா! நான் எப்படி அழுதேன்!" என்று அந்தத் தாள்களாலேயே அவரை அடித்தாள். அடித்துக்கொண்டே சிரித்தாள். அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுவாரம் அப்பா புதுக் கண்ணாடியோடு எழுதிக் கொடுத்தார். அம்மா கடைசிக் கட்டம்வரை போட்டு முடித்தாள். சரிதானா என்று பார்க்க அவர் லேப்டாப்பைத் திறந்தார்.

"அதை மூடுங்க" என்றாள் அம்மா. "நான்தான் இருக்கேனே."