மடியில் பால்

வேட்டைக்காரர்களை மலைக்கு அழைத்துப் போகும் அந்த வழிகாட்டிக்குக் கழுகுக்கண்ணர் என்றே பெயர். வெள்ளை மலையாட்டில் கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு உண்டு. கிடாவின் கொம்பு அடி பருத்துச் சீராக வளையும்; பெட்டையினுடையது ஒல்லி, நுனியில்தான் மடங்கும். பெட்டையைச் சுடுவது குற்றம். அவர் பைனாகுலரில் பார்த்து “கிடா” என்றால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

அன்று வேட்டைக்கு வந்திருந்தது அவருடைய மனைவியின் தம்பி. மனைவியும் கூட வந்திருந்தாள்; வேட்டை விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளதுபோல் பாடம் பண்ணுவது அவள் தொழில். முழு ஆட்டையும் பாடம் பண்ண வேண்டுமென்றால் விழுந்த இடத்திலேயே தோலை உரித்தாக வேண்டும்.

எதிர்ப்பாறையில் ஓர் ஆடு தனியாக நின்றது.

“கிடாதான். சுடு மச்சான்.”

சுட்டான். ஆடு பள்ளத்தில் உருண்டு விழுந்தது. அவர் மேலேயே நிற்க, அக்காளும் தம்பியும் பள்ளத்தில் இறங்கினார்கள். அவள் ஆட்டைப் புரட்டினாள். கையெல்லாம் பிசுபிசுவென்று நனைந்தது. ரத்தமில்லை. பால்.

பாறை மறைவிலிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

“எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சுக்கா,” என்றான் தம்பி. “மாமா சொன்னா சரியா இருக்கும்னு...”

அவள் ஆட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து மேலே பார்த்துக் கத்தினாள். “என்னங்க! கொம்பு எப்படி வளைஞ்சிருக்கு, சொல்லுங்க!”

அவர் கண்ணை இடுக்கினார். பைனாகுலரை எடுத்தார், இறக்கினார்.

“வெள்ளையா ஏதோ தெரியுதும்மா.”

“அப்ப கிடான்னு எப்படிச் சொன்னீங்க?”

“தனியா நின்னுச்சு. கிடாதானே தனியா நிக்கும்.”

ஒரே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் இவர் கண் மங்கியது தெரியாமல் போயிற்றே! தன் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த தலைகளை நினைத்தாள். அத்தனையும் கிடாக்கள். அத்தனையும் குருட்டு அதிர்ஷ்டமா? மனிதர்களையும் அல்லவா செங்குத்துப் பாறையில் முன்னால் நடந்து கூட்டிப் போனார்!

இறங்கும்போது அவர் கையை அவள் விடவே இல்லை. நேரே வன அலுவலகத்துக்குப் போனார்கள். நடந்ததை அவரே வாய்திறந்து சொன்னார். அலுவலர்கள் அவருடைய வழிகாட்டி உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள், ஆட்டையும்தான்.

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கண் எப்போதோ போய்விட்டது, இன்னொன்றை அறுவை செய்தால் மிஞ்சும் என்றார்.

“எப்பவோன்னா?” என்று கணவர் பக்கம் திரும்பினாள் அவள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னா மலைக்கு விடமாட்டே.”

கண் மிஞ்சியது. இருவருக்கும் இடையே பேச்சு திரும்ப வெகுநாள் ஆயிற்று. குட்டி பிழைத்ததா என்பது யாருக்கும் தெரியாது.