கட்டில் காலி, வார்டு நிறைய ஆள்

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவரை ஊரே கும்பிடும். அந்த ஊசியைக் கொதிக்கவைக்க மண்ணெண்ணெய் வாங்கி வைத்தவனை, எண்ணெய் தீர்ந்த அன்றைக்குத்தான் தேடும். நான் அந்த இரண்டாவது ஆள். மலேயாவில் தமிழும் இங்கிலீஷும் படித்து, அங்கேயே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கணக்கெழுதி, நாற்பதைத் தாண்டி ஊர் திரும்பியவன். ஜவ்வாது மலைமேல் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு நிர்வாகியானேன். தலை நரைத்த பிறகு மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டு அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே பெஞ்சுக்காரர்கள்.

சிலேட்டு

ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்டிலிருந்து ஒருநாள் உத்தரவு வந்தது. அடுத்த வருஷம் முதல் நிர்வாகியாக இருப்பவருக்கு ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் முதுகலைப் படிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படித்தவர் ஒருவர் வருவார், நான் அவருக்குக் கீழே குமாஸ்தா. என்னிடம் இருந்தது தபாலில் படித்து வாங்கிய ஒரு பி.ஏ. பட்டணத்துக் கல்லூரி ஒன்றில், வேலையில் இருப்பவர்களுக்கு வயது பார்க்காமல் இடம் தருகிறார்கள் என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் விசாரித்துச் சொன்னார். "போடுங்க, சிபாரிசு நான் எழுதறேன்" என்றார்.

கடல் கடந்து போய்த் திரும்பி வந்தவனுக்கு இரண்டாவது தடவை நாற்காலி கிடைப்பது அபூர்வம். கிடைத்ததை விட மனமில்லை. விண்ணப்பத்தை வாங்கி மேசைமேல் விரித்தேன். வார்டைக் கழுவிக்கொண்டிருந்த ஆயா காசியம்மா துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், நரைச்ச மீசையோட இஸ்கூலுக்குப் போறீங்களாமே, சிலேட்டு வாங்கியாச்சா, இல்ல நான் சந்தைல பாத்துக்னு வரட்டா?"

மேகம்

சான்றிதழ்களின் நகலில் அரசாங்க அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மலையை விட்டு இறங்காமல் கிடைக்கக்கூடிய அதிகாரி, காவலூர் அரசாங்க வானாய்வகத்தில் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிறவர்தான். பஸ் பிடித்துப் போனேன். ஐயா ராத்திரியெல்லாம் முழித்திருந்துவிட்டுத் தூங்குகிறார் என்றார் காவலாளி. அடுத்த வாரமும் போனேன், அதே பதில். வானம் மூடிய நாள்களில் அவருக்கு வேலை இல்லை, பகலில் பார்க்கலாம் என்று தெரிந்தது. ஆனால் வானம் மூடி மழை பிடித்தால் எங்கள் பக்கம் பஸ் வராது.

கடைசியில் ஒரு மழைநாளில், சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தே போனேன். நல்ல மனிதர். துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்லி, டீ வரவழைத்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சொட்டச் சொட்ட வெளியே வந்த என்னைக் காவலாளி மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவே நீங்க ஒரு நட்சத்திரமா இருந்திருந்தா, மொத நாளே உங்கள பாத்திருப்பாரு சார்."

ஒரு கட்டம்

விண்ணப்பத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன், ஒன்றைத் தவிர. 'உங்கள் மருத்துவமனையில் உள்ள கட்டில்கள் எத்தனை? அவற்றில் தினசரி சராசரியாக எத்தனை நிரம்புகின்றன?' கட்டில்கள் பத்து. நிரம்புவது ஒன்றுமில்லை. ஆள் இல்லாமல் அல்ல. வார்டில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் நோயாளிகள் கட்டிலில் மூட்டையை வைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்து, வீட்டு மனிதர்களோடு ஒட்டிப் படுப்பார்கள். டாக்டரம்மாவும் மண்டி போட்டுத்தான் நாடி பார்ப்பார்.

வெள்ளையன் என்று ஒருவர், மழை பிடித்தால் நெஞ்சுச் சளியோடு வந்துவிடுவார். சாமை விதைக்கிற குடும்பம். கூடவே மனைவி பொன்னி, ஒரு சட்டி, ஒரு கம்பளி. மேலே ஏறிப் படுக்கக் கூடாதா, என் விண்ணப்பத்துக்காவது உதவுமே என்று பாதி விளையாட்டாகக் கேட்டேன். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"மேல ஒண்டியா படுத்து மூச்சு நின்னு போனா யாருக்குங்க தெரியும்? கீழன்னா அவ கை எம்மேல கெடக்கும், தெரிஞ்சுக்குவா."

சத்திரம்

கட்டத்தில் 'பூஜ்யம்' என்று எழுதி அனுப்பினேன். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி பெரிய சத்தத்தோடு சுற்றியது. "பத்துக் கட்டிலும் காலி என்றால் ஆஸ்பத்திரி எதற்கு?" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார் நடுவில் இருந்தவர். நானும் இங்கிலீஷிலேயே விளக்கினேன். நிர்வாகியாக இதற்கு என்ன செய்வீர்கள் என்றார். கட்டில்களை விற்றுவிட்டு, தரைக்குளிர் ஏறாமல் இரண்டு பேர் படுக்கிற அகலத்தில் தாழ்வான பலகைகள் போடுவேன் என்றேன். யோசித்துச் சொன்ன பதில்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை, என் காகிதங்களைச் சேர்த்துத் தட்டி அடுக்கி நீட்டினார். அதுவரை பேசிய இங்கிலீஷை விட்டுத் தமிழுக்கு இறங்கினார்.

"நீங்க ஆஸ்பத்திரி நடத்தப் படிக்க வந்திருக்கீங்களா, இல்ல சத்திரம் நடத்தவா?"

கதவு

இடம் கிடைக்கவில்லை. சொன்னபடியே படித்தவர் ஒருவர் வந்தார், பெயர் ரவிச்சந்திரன். என் மகன் வயது இருக்கும். மரியாதையான பையன், என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டார். தரையில் படுத்தால் ஒருவர் நோய் இன்னொருவருக்குத் தொற்றும் என்றார். அதில் பொய் இல்லை. நோயாளிகள் கட்டிலுக்கு ஏறினார்கள். துணைக்கு வந்தவர்கள் இரவில் வராந்தாவில் படுக்க வேண்டும் என்று விதி வந்தது. பலகையைப் பற்றி நானும் டாக்டரம்மாவும் சொல்லிப் பார்த்தோம். டிரஸ்டில் கேட்கிறேன் என்றார்.

அடுத்த மழைக்கு வெள்ளையன் வந்தார். கட்டிலில் படுக்க வைத்தார்கள். நாலாம் நாள் விடிந்து வார்டுக் கதவைத் திறந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. எப்போது போனார் என்று நர்சுக்கும் தெரியவில்லை. யாராவது பக்கத்தில் முழித்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டரம்மா. இருக்கலாம். சட்டியையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு பொன்னி என் மேசைக்கு வந்து நின்றார். அழவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய படுக்கச் சொன்னாங்க, படுத்தேங்க. நடுவுல ஒரு கதவு தானுங்க."

அதே கட்டம்

அன்றைக்கே ரவிச்சந்திரன் அந்த விதியை எடுத்துவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே அறிவிப்பைக் கிழித்தார். மறுநாளே பாய்கள் திரும்பின, கட்டில்கள் மறுபடி மூட்டை சுமந்தன. பலகைக்கு டிரஸ்டிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. மாதக் கடைசியில் டிரஸ்டுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எடுத்துக்கொண்டு ரவிச்சந்திரன் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கட்டில் எத்தனை, நிரம்பியது எத்தனை. உள்ளே யாரோ இருமினார்கள். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பூஜ்யம்னு எழுதினா என்னையும் மாத்திடுவாங்களே சார், நீங்க எப்படி அப்போ எழுதினீங்க?"

முதுகலைப் பட்டம் வாங்கியவரும் அது கிடைக்காதவனும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே கட்டத்தை நிரப்பத் தெரியாமல் பேனாவை மூடிவைப்பதற்குப் பெயர்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று, கல்லூரிக்குப் போகாமலே தெரிந்துகொண்டேன்.