ஒன்பதாம் கேள்விக்கு நாற்பது ‘இல்லை’

காலை ஒன்பது பத்துக்கு அலுவலகத்தில் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, டாக்டர் பாத்ராவின் மேசையில் நாடா கட்டித் தனியே வைத்திருந்த ஒரு கட்டுப் படிவங்கள். மற்றவை அலமாரியில் இருந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லியில் ஒரு பயிற்சி மையத்தில் கள ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, டிஸ்பென்சரி நர்ஸ்களுக்குப் பொது சுகாதாரப் பயிற்சி நடத்தினோம். வீடு வீடாகப் போய்க் கேள்விப் படிவம் நிரப்புவதும் அதில் ஒரு பகுதி. எங்கள் பக்கம் பாத்ரா பொறுப்பு. அவர்கள் பக்கம் ஹெலன் என்ற பேராசிரியை.

அந்தக் கட்டு கீதாவுடையது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பெண், ஒப்பந்த நர்ஸ். சான்றிதழ் கிடைத்தால் வேலை நீடிக்கும். இல்லையென்றால் மார்ச்சோடு முடிந்துவிடும். தமிழ் பேசுவாள் என்பதால் தமிழர்கள் இருந்த குடிசைப் பகுதியில் நாற்பது வீடுகளை அவளுக்குக் கொடுத்திருந்தோம். கடந்த இரண்டு வாரங்களுக்குள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்ததா என்பது ஒன்பதாவது கேள்வி. மழைக்காலம் அது. நாற்பது வீட்டிலும் ‘இல்லை’ என்று குறித்திருந்தாள்.

“கர் பைட்கே பரா ஹை,” என்றார் பாத்ரா. வீட்டில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறாள் என்றார். சான்றிதழ்ப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிடச் சொன்னார்.

கீதா அழவில்லை. “நாப்பது வீடும் போனேன் சார். செருப்பே அறுந்துபோச்சு, பாருங்க,” என்று காலை நீட்டினாள். வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

ஹெலன் அந்தச் செருப்பைப் பார்த்தார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

பெண்கள் வீட்டு வேலைகளுக்குப் போய்த் திரும்பும் நேரம், இரண்டு மணிக்குப் போனோம். முதல் வீட்டில் செல்வராணி, விழுப்புரம் பக்கத்துக்காரி. மடியில் ஒரு வயதுக் குழந்தை. கீதா படிவத்தைப் பிரித்து அச்சிலிருந்தபடியே படித்தாள். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் விதி. வகுப்பில் அதை மூன்று முறை சொன்னவன் நான்.

“கடந்த இரண்டு வாரங்களில் குழந்தைக்குப் பேதி ஏற்பட்டதா?”

“வாயக் கழுவு! பேதின்னா காலரா. வேன்ல வந்து புள்ளயத் தூக்கிட்டுப் போயிடுவான். எம்புள்ளைக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

ஹெலனுக்கு மொழி புரியவில்லை. அவர் குழந்தையின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டார். மடிப்பு மெதுவாகத்தான் அமிழ்ந்தது; உடம்பில் நீர் வற்றியிருந்தது.

கீதா படிவத்தை மூடிவிட்டு, கொடியில் கிடந்த குழந்தைத் துணிகளைக் காட்டினாள். “அப்ப இந்தத் துணியெல்லாம் ஏன்க்கா பச்சைக் கறையா இருக்கு?”

“அது மாந்தம். மூணு நாளா தண்ணியாப் போவுது. வசம்பு உரசிக் குடுத்திருக்கேன்.”

“மாந்தம்னா?”

“தமிழ்ப் பொண்ணுன்னு சொன்னியே, மாந்தம் தெரியலயா? எந்த ஊருத் தமிழுடி உன்னுது?”

“ஆர்.கே.புரம்.”

செல்வராணி சிரித்துவிட்டாள். கீதாவும் சிரித்தாள். பையிலிருந்து உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக் கரைத்தாள். குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். முதலில் துப்பியது. பிறகு கரண்டியைப் பிடித்து இழுத்தது.

படிவத்தை ஹிந்தியிலிருந்து தமிழாக்கியதும் நான்தான். ஒரே மத்தியானத்தில், அகராதியை வைத்துக்கொண்டு செய்தேன். மாந்தம் என்ற சொல்லை நான் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். அதைப் படிவத்தில் போடலாம் என்று தோன்றவில்லை.

மறுநாள் பாத்ராவிடம் இதைச் சொன்னேன். விதிப்படி கேட்டதால்தான் அந்தப் பெண்ணுக்கு நாற்பது ‘இல்லை’ கிடைத்தது, தவறு என்னுடைய சொல்லில் இருக்கிறது என்றேன். அவர் நாடாவை அவிழ்த்து, படிவங்களை அலமாரியில் வைத்தார். வாசலில் நின்றிருந்த கீதாவைப் பார்த்து, “சாய் பியோகி?” என்று கேட்டார். அவள் டீ குடிக்கிறேன் என்று தலையாட்டினாள்.

அந்த நாற்பது வீடுகளுக்கும் அவள் மறுபடி போனாள். இந்தமுறை ‘மாந்தம்’ என்றே கேட்டாள்; நானும் கூடப் போனேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கேள்வியை அச்சுக்கு அனுப்புமுன், பதில் சொல்லப்போகிறவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

சான்றிதழ் விழாவுக்கு ஹெலன் விமானத்தில் வந்திருந்தார். தன் சான்றிதழை வாங்கக் கீதா வரவில்லை. அன்று அவளுக்குப் போலியோ சொட்டு மருந்து டியூட்டி.