கரண்ட் போனால் கேட்கும் சத்தம்

கரண்ட் போனால்தான் எங்கள் கட்டிங் மாஸ்டரின் இதயம் வெளியே கேட்கும். எழுபதுகளில் அது அடிக்கடி போகும். பனியன் கம்பெனியின் அத்தனை தையல் மெஷினும் ஒரே நேரத்தில் வாயை மூட, கட்டிங் டேபிள் பக்கமிருந்து 'டிக், டிக்' என்று வரும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவர் இதய வால்வைத் தின்றிருந்தது. மெட்ராஸில் நெஞ்சைத் திறந்து, கம்பிக் கூண்டுக்குள் ஒரு குண்டு ஏறி இறங்குகிற புது வால்வை வைத்து அனுப்பியிருந்தார்கள்.

ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கிற எனக்குக் கையைவிட வாய் வேகம். மெஷின் நின்றதும், "ஏனுங்க மாஸ்டர், மணி என்னங்க ஆச்சு?" என்பேன்.

"உன்ற மூஞ்சிக்கு எப்பவுமே எமகண்டந்தான்டா."

சிரிக்கும்போது மடியிலிருக்கும் சின்னத் தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொள்வார். அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு. இருமினாலும் சிரித்தாலும் அப்படி அணைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். எலும்பு கூடிய பிறகும் அவர் அதை விடவில்லை. "உன்னையப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு தலகாணி பத்தாதுடா" என்பார்.

ஆபரேஷன் முடிந்தால் கதை முடிந்தது என்று நினைத்திருந்தோம். உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. பாரம் தூக்கக் கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும். வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. சத்தம் மங்கினால் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும்.

அந்த மாத்திரைதான் வினை. அதைச் சாப்பிடுகிறவருக்குக் கத்தரி லேசாகக் கீறினாலும் ரத்தம் நிற்காது. அவர் வெட்டுவதோ வெள்ளை வெளேரென்ற பனியன் துணி. தீபாவளி ஆர்டர் மும்முரத்தில் ஒருநாள் விரல் நுனியிலிருந்து சொட்டிய ரத்தம், மடித்துப் போட்ட துணி அடுக்கு முழுக்க இறங்கிவிட்டது. அவரே தொட்டியில் போட்டுக் கசக்கினார். கறை பழுப்பானதே தவிரப் போகவில்லை.

மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களுக்கு அது தெரியாது. "தீவாளி கழியட்டும், போட்டுக்கறேன்" என்று தன் ஊட்டுக்காரம்மாவின் வாயை அடைத்திருக்கிறார்.

ஆர்டர் முடியப்போகிற சமயம், கரண்ட் போனது. வழக்கம்போல் வாயைத் திறந்தேன். டேபிளிலிருந்து வந்த சத்தம், துணி மூட்டைக்குள் புதைத்து வைத்த கடிகாரத்தினுடையது போலிருந்தது. மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, இன்னிக்கு மணி கேக்கலியா?" என்றார். நான் முதலாளியைக் கூப்பிட ஓடினேன்.

முதலாளியின் காரில் கோயமுத்தூருக்குப் பறந்தோம். பின்சீட்டில் தலையணையை என் கையில் கொடுத்துவிட்டு, என் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். மூச்சு இரைத்தது.

"சத்தம் வருதாடா?"

"வருதுங்க மாஸ்டர்."

கொஞ்ச தூரம் வரைக்கும் அது உண்மைதான்.

இன்றைக்கு என் மகனுடைய கம்பெனியில் கரண்ட் போனால் யாருக்கும் தெரிவதுகூட இல்லை. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு மூச்சு நேரம் மட்டும் எல்லாம் அடங்கும். அதற்குள் கட்டிங் டேபிள் பக்கம் காதைத் திருப்பிவிடுவேன். "அப்பாவுக்குக் கழுத்து சுளுக்குங்க" என்று மகன் ஆட்களிடம் சொல்லிவைத்திருக்கிறான். நானும் கழுத்தைத் தேய்த்துக்கொள்கிறேன்.